பாட்டு நேர்ந்தவள்

கோழி நேர்ந்துகொண்டவர்கள் உண்டு, பூசணிக்காய் நேர்ந்துகொண்டவர்கள் உண்டு. கொஞ்சம் வசதியானவர்கள் ஆட்டுக்குட்டி வரைக்கும் போவார்கள். வன்னியம்பட்டி சபையில் பாட்டை நேர்ந்துகொண்டவள் ஜெயக்கொடி ஒருத்திதான். அதுவும் எப்படிப்பட்டவள்? நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் கல்யாணத்தில் போதகர், "இவரைப் புருஷனாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டும் வாயைத் திறக்காமல் நின்றாள். கடைசியில் மாப்பிள்ளை வில்சனே, "அவ சரின்னுதான் நிக்கா ஐயா, நீங்க மேல வாசிங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்பேர்ப்பட்ட மனுஷி, சபைக்கு முன்னால் பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் வயலில் கால் வைத்துவிட்டால் அவள் வேறு ஆள். நடவுக்குப் போகும் பெண்களில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். நடவு நடுகிறவர்கள் குனிந்தபடியே பின்னால் பின்னால் போவார்கள். முகம் சேற்றைப் பார்த்தபடி இருக்கும். பக்கத்தில் நிற்பவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்றுகூடத் தெரியாது. ஜெயக்கொடி ஒரு கேள்வியைப் பாட்டாகப் போடுவாள். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பதிலையும் அவளே சொல்வாள். அதையும் திருப்பிப் பாடுவார்கள். கேள்வி எல்லாம் 'யாராலே' என்று முடியும். பதில் அன்றைக்கு அவள் வாய்க்கு வந்ததுதான்.

வரப்பிலே வழுக்கி விழுந்ததிப்போ யாராலே?
பெத்தம்மா துப்பிவச்ச வெத்தலையாலே!

கூட்டத்தில் மூத்தவளான பெத்தம்மாள் குனிந்த வாக்கிலேயே ஒரு கை சேற்றை வாரி எறிவாள். ஜெயக்கொடி அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். கண்மாய்க் கரையில் போகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குப் பாட்டும் இல்லை, பாதி நடவும் இல்லை.

அவள் மகள் கிருபை பிறந்தது ஐப்பசி நடவு மும்முரமாக இருந்த சமயம். பிரசவம் நல்லபடியாகத்தான் முடிந்தது. பிறகு வந்த காய்ச்சல்தான் ஆளை அடித்துப் போட்டது. பால் வற்றிவிட்டது. சீனித்தண்ணீரும் ஆட்டுப்பாலும் பச்சைப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வில்சன் பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்து மில்லுக்கு வண்டி ஓட்டுகிறவன். மில் வந்த புதிது, வண்டிக்கு ஓய்வே கிடையாது. அவன் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். ஆம்பிளை உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பால் வந்துவிடுமா?

வந்தவள் அடுத்த வீட்டுக் கருத்தம்மாள். அவளும் நடவுக் கூட்டத்தில் ஒருத்தி. வாய் என்றால் வாய், ஊரே அஞ்சும் வாய். அவளுக்கும் சோணைமுத்து என்று ஒரு கைப்பிள்ளை. வயலிலிருந்து காலில் சேறு காயாமல் நேரே உள்ளே வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கிருபையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, படுத்துக் கிடந்த தாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். பெற்றவள் பார்த்து ஏங்கக் கூடாதே என்றுதான் அப்படித் திரும்பி உட்கார்ந்தாள். ஜெயக்கொடி தேறுகிற வரைக்கும் தினமும் வந்தாள். அந்த நாட்களில் அடுத்த வீட்டில் சோணைமுத்து பசியில் அழுவது ஜெயக்கொடிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம், பிள்ளை பால் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் நேர்ந்துகொண்டாள். "ஆண்டவரே, இது பொழச்சிக்கிட்டா ஸ்தோத்திரப் பண்டிகைல எல்லாருக்கும் முன்னால நின்னு பாடுதேன்."

வில்சன் பதறிப்போனான். "ஏ புள்ள, கோழி நேந்துக்க. வெடக்கோழியா நானே வாங்கியாரேன்."

"கோழி சும்மா கெடைக்கும். இது எனக்குப் பயமானது. அதத்தான் குடுக்கணும்" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிள்ளை பிழைத்தது. தாயும் எழுந்து நடமாடினாள். எழுந்த கையோடு ஜெயக்கொடி கருத்தம்மாள் வீட்டுக்குப் போய், "மதினி, நீங்க செஞ்சதுக்கு நான் என்ன..." என்று ஆரம்பித்தாள்.

"என்னட்டி செஞ்சுட்டேன்? சோணைமுத்து குடிச்சு மிஞ்சினத உம்புள்ள குடிச்சா. பெருசாப் பேச வந்துட்டா. கஞ்சி இருந்தா ஒரு செம்பு கொண்டா, பசிக்கி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அவள். அதற்கப்புறம் எத்தனையோ தரம் ஜெயக்கொடி வாயெடுத்தாள். வரப்பில் கேட்டால் அதட்டல், வீட்டில் கேட்டால் கேலி. சொல்ல வந்த நன்றி உள்ளேயே தங்கிவிட்டது. சொல்லாத நன்றி சும்மா கிடக்காது. சோறு இறங்குகிற வழியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தை அறுப்பு முடிந்ததும் மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். சுற்று வட்டாரத்துச் சபைகள் எல்லாம் விளைந்ததில் முதலைக் கொண்டுவந்து படைக்கும். பாட்டும் பிரசங்கமும் முடிந்ததும் அசனம் என்று எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. முதல் வருஷம் கைப்பிள்ளையைக் காரணம் காட்டி ஜெயக்கொடி தப்பித்துக்கொண்டாள். மறுவருஷம் பண்டிகை நெருங்கும்போது கிருபைக்குக் கடைவாய்ப் பல் முளைத்துக் காய்ச்சல் கண்டது. பல் முளைக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது ஊரறிந்த விஷயம். ஆனால் ஜெயக்கொடிக்குப் பாடாமல் விட்ட பாட்டுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உபதேசியார் ஞானதுரை வீட்டுக்கு ஓடினாள்.

வன்னியம்பட்டிச் சபையைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஆர்மோனியப் பெட்டியும் இளகின மனசும் உள்ளவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, பொருத்தனை செலுத்தலேன்னு வந்து பிள்ளையத் தூக்கிட்டுப் போக ஆண்டவர் என்ன கோர்ட்டு அமீனாவா? பல்லுக் காய்ச்சல், தன்னால போயிரும். பாட்டுக்குப் பதிலா நெல்லு அளந்து வச்சிரு, போதும்" என்றார்.

"நெல்லு எல்லாரும் வப்பாக ஐயா. நான் பாடுதேன்னு சொன்னேன்."

"பாட முடியுமா ஒன்னால?"

ஜெயக்கொடி கிருபையை அடுத்த தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். அதுவே பதில்தான். உபதேசியார் மோவாயைத் தடவிக்கொண்டார். வண்டிக்காரர்களோடு சேர்ந்து கண்மாய்க் கரையில் நின்று அவள் பாட்டைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். "ஒத்தையில பாட வேண்டாம். ஒங்க நடவுக் கூட்டம் அம்புட்டு பேரையும் கூட்டியா. வயக்காட்டு மெட்டுலயே ஸ்தோத்திரம் பாடுவோம். அதான் இந்த வருஷம் வன்னியம்பட்டிப் பாடகர் குழு" என்றார்.

கூட்டத்தில் ஏசம்மாள் முதலான சிலர் சபைக்காரர்கள். பெத்தம்மாளும் கருத்தம்மாளும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். "நாங்க வேதக்காரவிய இல்லையே, எங்களச் சேப்பியளா?" என்று கருத்தம்மாள் நேரடியாகவே கேட்டாள்.

"நீங்க நட்ட நெல்லத்தான அங்க கொண்டுபோய் வைக்கோம். நெல்லு வரலாம், நீங்க வரக்கூடாதா?" என்றார் உபதேசியார். கருத்தம்மாளையே வாயடைக்க வைத்த பேச்சு அது என்று பிற்பாடு பெத்தம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் சாயங்காலம் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. உபதேசியார் 'யாராலே' பாட்டுக்கு மழை, கண்மாய், கதிர் என்று புதுக் கேள்விகள் கட்டிக் கொடுத்தார். எல்லாப் பதிலும் ஆண்டவரிடம் போய் முடியும். பெண்களை இரண்டு வரிசையாக நிமிர்ந்து நிற்க வைத்து, தாம் எதிரே உட்கார்ந்து பெட்டியை வாசித்தார். எல்லோர் குரலும் வந்தது, எடுத்துக் கொடுக்கிறவள் குரல் மட்டும் வரவில்லை. வாய் அசைந்தது. காற்று வந்தது. அவ்வளவுதான்.

"என்னப் பாக்காத, கூரையப் பாரு" என்றார். கூரையைப் பார்த்தாள், ஓலையை எண்ணினாள், பாட்டு வரவில்லை. "கண்ண மூடிக்க" என்றார். மூடினால் கால் ஆடியது. கடைசியில் ஏசம்மாள், "அவள செவத்தப் பாத்துத் திருப்பி நிறுத்துங்க ஐயா" என்றாள். திருப்பி நிறுத்தினார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. உபதேசியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்குக் கால் பங்கு திரும்பு, மறுநாள் அரைப் பங்கு திரும்பு என்று வண்டியைத் திருப்புகிற மாதிரி அவளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு தோள் இந்தப் பக்கம் வந்ததும் குரல் நின்றுவிடும். பண்டிகைக்கு முந்தின நாள் வரைக்கும் அவள் சுவரோடுதான் பாடிக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் திரும்பி நின்னே பாடட்டுமே" என்றாள் பெத்தம்மாள்.

"பெரிய போதகர் உக்காந்திருப்பாரு. முதுகக் காட்டிட்டா நிப்பாக?" என்று உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார்.

பண்டிகையன்று விடிந்ததும் கிளம்பினார்கள். கிருபைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வில்சன் வண்டியில் நெல் மூட்டையும் வாழைத்தாரும் பிள்ளைகளும் ஏறிக்கொள்ள, பெண்கள் பின்னால் நடந்தார்கள். கோபுரம் கண்ணில் பட்டதும் பெத்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெயக்கொடிக்குக் கோபுரமும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. வழியெல்லாம் வாய்க்குள் பாட்டை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

வேதக் கோயில் காம்பவுண்டில் பெரிய பந்தல். பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். ஆலங்குளம், ராஜபாளையம் என்று எங்கெங்கிருந்தோ ஜனம் வந்திருந்தது. தலை, தலை, தலை. எல்லாத் தலையிலும் இரண்டிரண்டு கண். ஜெயக்கொடி அதைத்தான் பார்த்தாள்.

அவர்களுக்கு முன்னால் ராஜபாளையம் சபையார் பாடினார்கள். ஒரே மாதிரி வெள்ளைச் சேலை, கையில் பாட்டுப் புஸ்தகம், கூட ஒரு பிடில். நன்றாகவே பாடினார்கள், குறை சொல்வானேன். எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டு ஒன்றாக நிறுத்தினார்கள். அவர்கள் இறங்கும்போது வன்னியம்பட்டிப் பெண்கள் ஏறினார்கள், ஆளுக்கொரு நிறத்தில்.

உபதேசியார் கீழே உட்கார்ந்து பெட்டியில் சுருதி கொடுத்தார். ஜெயக்கொடி மேடையில் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடி கொடுத்தார். பந்தலில் ஒரு இருமல் கேட்டது. பெரிய போதகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முன்வரிசையில் யாரோ பக்கத்தில் இருப்பவர் காதில் என்னமோ சொன்னார்கள். வில்சன் தூரத்தில் கிருபையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஜெயக்கொடிக்கு அழுகை முட்டியது. பிள்ளையைக் கொடுத்தவருக்குக் கொடுத்த வாக்கு இந்தப் பலகை மேலேயே செத்துப்போகப் போகிறது என்று நினைத்தாள். இன்றைக்கு வாய் திறக்கவில்லையென்றால் இனி எந்த ஜென்மத்திலும் திறக்காது.

அப்போது பின்னாலிருந்து கருத்தம்மாள், "ஏட்டி, குனி" என்றாள்.

சொன்னவள் சும்மா நிற்கவில்லை. சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டாள், நாற்று முடியை அவிழ்க்கும்போது வயலில் விடுகிற அதே குலவை. குலவை கேட்டால் நிற்கிற உடம்பா அவர்களுடையது? பெத்தம்மாள் குனிந்தாள், ஏசம்மாள் குனிந்தாள், கூட்டம் மொத்தமும் குனிந்தது. யோசிக்காமல் ஜெயக்கொடியும் குனிந்தாள். பெரிய போதகருக்கு முன்னால், மேடை மேல், இத்தனை பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். பந்தல் கொல்லென்று சிரித்தது. உபதேசியார் பெட்டியை விட்டுக் கையை எடுத்துவிட்டார்.

சிரிப்பு ஜெயக்கொடிக்குக் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பலகை இருந்தது, பக்கத்தில் பழகின கால்கள் இருந்தன. இல்லாத நாற்றை இடது கையிலிருந்து வலது கை பிரித்தது. பாட்டு தானாக வந்தது.

காஞ்ச கண்மா நெறஞ்சதிப்போ யாராலே?

"யாராலே!" என்று கூட்டம் வாங்கிக்கொண்டது. ஒரு அடி பின்னால் போனார்கள்.

கருக்கலோட எறங்கி வந்த மழையாலே!
மழை இங்கே வந்து பெஞ்சது யாராலே?
மனசிரங்கிப் பாத்த நம்ம கர்த்தராலே!

இன்னொரு அடி. கை நடுகிறது, கால் பின்னால் போகிறது, பாட்டு முன்னால் போகிறது. சிரித்தவர்கள் எப்போது சிரிப்பை நிறுத்தினார்கள் என்று தெரியாது. பந்தலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சேற்றில் இறங்கினவர்கள்தான். ஓரத்திலிருந்து ஒரு பெண் குலவை விட்டாள். அப்புறம் இன்னொருத்தி. 'யாராலே' என்று கேள்வி வந்ததும் பந்தலும் சேர்ந்து திருப்பிப் பாட ஆரம்பித்தது. உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தேடினார்.

வயல் என்றால் நீளமாக இருக்கும். மேடை எவ்வளவு தூரம் இருக்கும்? நாலைந்து வரி பாடுவதற்குள் பின்னால் பள்ளிக்கூடச் சுவர் இடித்தது. நடவில் முதுகுக்குப் பின்னால் வரப்பு தட்டினால் எல்லோரும் நிமிர்ந்து இடுப்பில் கை ஊன்றிக்கொள்வார்கள். பாட்டை மட்டும் விடக் கூடாது. விட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சுவர் தட்டியதும் வரிசை மொத்தமும் நிமிர்ந்தது. ஜெயக்கொடியும் நிமிர்ந்தாள், வாயில் பாட்டோடு.

எதிரே அத்தனை முகம். அத்தனை கண். இந்தத் தடவை அந்த முகங்களுக்கும் வாய் இருந்தது. எல்லா வாயும் அவள் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டாள்.

உபதேசியார் கட்டிக் கொடுத்த கேள்வி முடிந்துபோயிருந்தது. அவர் போதும் என்று கையைக் காட்டினார். ஜெயக்கொடி அவரைப் பார்க்கவில்லை. தூரத்தில் வில்சன் தோளில் இருந்த கிருபையைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைப் பாடுகிறவள்தானே அவள்?

பெத்தவளும் பால் வத்திப் படுத்திருக்க
பச்சப்புள்ள பொழச்சதிப்போ யாராலே?

"யாராலே!" என்றது பந்தல். கர்த்தராலே என்று வரும் என்று எதிர்பார்த்து உபதேசியார் பெட்டியின் கட்டையில் விரலை வைத்தார்.

தம்புள்ள அழுதழுது பசிச்சிருக்க
கருத்தம்மா தந்துபோன பாலாலே!

பந்தல் அதையும் வாங்கித் திருப்பிப் பாடியது. கருத்தம்மா யார் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமலேயே, "கருத்தம்மா தந்துபோன பாலாலே" என்று ராஜபாளையத்து வெள்ளைச் சேலைக்காரிகள் பாடினார்கள், பெரிய போதகர் உதட்டை அசைத்தார், ஓரத்தில் நின்ற வண்டிக்காரர்கள் பாடினார்கள். மேடையில் மட்டும் ஒரு குரல் குறைந்தது. ஜெயக்கொடி பக்கத்தில் பார்த்தாள். கருத்தம்மாள் சுவரில் சாய்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் தொண்டையில் உட்கார்ந்திருந்தது ஜெயக்கொடிக்கு அந்த இடத்தில்தான் இறங்கியது. அவளே கடைசிக் குலவையை விட்டுப் பாட்டை முடித்தாள்.

அசனப் பந்தியில் வன்னியம்பட்டிக்காரர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சோறு வைத்ததும் கருத்தம்மாள் மெதுவாக, வேறு யார் காதிலும் விழாமல் கேட்டாள். "ஏட்டி, ஒங்க சாமிக்கு நேந்துகிட்ட பாட்டு. அதுல போயி எம்பேரச் சேத்துருக்கியே, அவரு கோவிச்சுக்கிட மாட்டாரா?"

"அவருக்குத்தான் மதினி பாடுனேன்" என்றாள் ஜெயக்கொடி. "குடுத்தது அவரு. யார் கையில குடுத்துவிட்டாருன்னு சபைக்கு முன்னால சொல்லாண்டாமா?"

கருத்தம்மாள் தன் இலையில் இருந்த சோற்றைப் பிசைந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவள் முன்னால் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. முதல் கவளத்தைக் கிருபைக்கு ஊட்டிவிட்டு, அடுத்ததைச் சோணைமுத்துக்கு உருட்டினாள்.